சான்றுக்கு முன் ஓர் அளவுகோல்: மோர்மன் வேதமும் நமக்கான பாடமும்



மேலை நாடுகளில் கல்வி கற்கும் நம் பிள்ளைகள் அடிக்கடி எதிர்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு. "உங்கள் நபியிடம் ஒரு வானவர் வந்தார் என்கிறீர்கள். அமெரிக்காவின் ஜோசப் ஸ்மித்தும் தம்மிடம் ஒரு வானவர் வந்தார் என்றார். உங்கள் நபி ஒரு வேதத்தைத் தந்தார். அவரும் ஒரு வேதத்தைத் தந்தார். ஒருவரை ஏற்று மற்றவரை மறுப்பதற்கு, பிறந்த வீட்டைத் தவிர வேறென்ன காரணம் உங்களிடம் இருக்கிறது?"

இக்கேள்விக்குச் சினம் விடையாகாது. சிரித்துக் கடந்து போவதும் விடையாகாது. பெற்றோர் விடையளிக்காத கேள்விக்குப் பிள்ளைகள் வேறிடத்தில் விடை தேடுவார்கள். எனவே மோர்மன்களின் வேதம் என்ன சொல்கிறது, அதற்கு எதிராக வரலாறு என்ன சொல்கிறது, அந்தச் சான்றுகளை அவர்கள் எவ்வாறு எதிர்கொள்கிறார்கள் என்பதை அறிந்துகொள்வது நமக்கு அவசியமாகிறது. ஒரு சமூகத்தின் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதி தவறச் செய்துவிடக் கூடாது என்பது இறைக்கட்டளை (திருக்குர்ஆன் 5:8). ஆகவே அவர்களுக்குச் சாதகமானவற்றையும் மறைக்காமல் சொல்வோம்.

வேதம் சொல்லும் வரலாறு

1805ஆம் ஆண்டு வெர்மாண்ட் மாநிலத்தில் பிறந்தவர் ஜோசப் ஸ்மித். 1823ஆம் ஆண்டு மொரோனி என்னும் வானவர் தமக்குத் தோன்றினார் என்றும், நியூயார்க் மாநிலத்தில் ஒரு குன்றில் புதைக்கப்பட்டிருந்த பொன் தகடுகளை 1827இல் தம்மிடம் ஒப்படைத்தார் என்றும் அவர் கூறினார். "சீர்திருத்தப்பட்ட எகிப்திய" எழுத்துகளால் பொறிக்கப்பட்ட அத்தகடுகளை இறையருளால் மொழிபெயர்த்ததாகச் சொல்லி, 1830ஆம் ஆண்டு 'மோர்மன் புத்தகம்' என்னும் நூலை வெளியிட்டார். அதே ஆண்டு ஏப்ரலில் அவருடைய திருச்சபை நிறுவப்பட்டது. இன்று அது பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்னும் பெயரில் யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் நகரைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்குகிறது. மொழிபெயர்ப்புக்குப் பின் தகடுகளை வானவரே திரும்பப் பெற்றுக்கொண்டார் என்பது அவர்களின் நம்பிக்கை.

அந்நூல் அறநெறிகளை மட்டும் போதிக்கவில்லை. ஒரு கண்டத்தின் வரலாற்றையே சொல்வதாக உரிமை கோருகிறது. கி.மு. 600 அளவில் லேஹி என்பவர் தம் குடும்பத்தாருடன் ஜெருசலேமை விட்டு வெளியேறிக் கடல் கடந்து அமெரிக்காவை அடைந்தாராம். அவர் வழித்தோன்றல்கள் நேபியர், லாமானியர் என இரு பெரும் இனங்களாகப் பிரிந்து, நகரங்களைக் கட்டி, குதிரைகளையும் தேர்களையும் வைத்திருந்து, கோதுமை பயிரிட்டு, இரும்பையும் எஃகையும் ஆக்கினராம். முடிவில் கி.பி. நான்காம் நூற்றாண்டில் மாபெரும் போரில் நேபியர் அழிந்தனராம். எஞ்சிய லாமானியரே அமெரிக்கப் பழங்குடி மக்களின் மூதாதையர் என்று தலைமுறை தலைமுறையாகப் போதிக்கப்பட்டது.

ஒரு நூல் மறுமையைப் பற்றிப் பேசினால் மண்வெட்டியால் அதைச் சோதிக்க முடியாது. ஆனால் குதிரை, கோதுமை, எஃகு, இலட்சக்கணக்கானோர் மடிந்த போர்க்களம் என்று பேசினால் மண்ணே சாட்சியாகிவிடும். அந்தச் சாட்சியத்தைக் கோரியவர்கள் எதிரிகள் அல்லர், அந்நூலே கோரியது.

மண் தந்த சாட்சியம்

அமெரிக்கக் கண்டங்களில் வாழ்ந்த குதிரைகள் ஏறத்தாழப் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அற்றுப்போயின. பின்னர் ஸ்பானியர்களே அவற்றைக் கப்பலில் கொண்டுவந்தனர். கோதுமையும் ஐரோப்பியருடன் வந்த பயிரே. கொலம்பஸுக்கு முந்தைய அமெரிக்காவில் இரும்பை உருக்கி எஃகு ஆக்கியதற்கான உலைகள் கிடைக்கவில்லை. எபிரேய மொழியோ எகிப்திய எழுத்தோ வழங்கியதற்கான கல்வெட்டும் கிடைக்கவில்லை. மாயா எழுத்துகள் இன்று பெருமளவு படிக்கப்பட்டுவிட்டன. அவற்றில் மாயா மன்னர்களின் பெயர்களும் போர்களும் இருக்கின்றன. நேபியரும் லாமானியரும் இல்லை.

பின்னர் மரபணு ஆய்வு வந்தது. அமெரிக்கப் பழங்குடியினரின் மூதாதையர் வடகிழக்கு ஆசியாவிலிருந்து பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் வந்தவர்கள் என்பதை அது உறுதிப்படுத்தியது. ஜெருசலேமிலிருந்து வந்த ஒரு குடியேற்றத்தின் தடயம் அதில் தென்படவில்லை.

மோர்மன் அறிஞர்கள் தம் பக்கத்தில் காட்டுவனவும் உண்டு. லேஹியின் குடும்பம் அரபு மண்ணின் வழியே பயணம் செய்தபோது 'நாகோம்' என்னும் இடத்தில் ஒருவரை அடக்கம் செய்ததாக அவர்கள் நூல் கூறுகிறது. ஏமன் நாட்டின் மஆரிபில் அகழ்ந்தெடுக்கப்பட்ட பழைமையான பலிபீடக் கற்களில் 'நிஹ்ம்' என்னும் குலப்பெயர் காணப்படுகிறது. அதன் மெய்யெழுத்துகள் 'நாகோம்' என்பதோடு ஒத்துப்போகின்றன. வட அமெரிக்காவில் ஒருவகைச் சிறு வாற்கோதுமை பழங்காலத்தில் பயிரிடப்பட்டதும் உண்மையே. இவற்றை நாம் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அரபு நிலத்துப் பெயர் ஒன்று ஒத்துப்போவதால், அமெரிக்கக் கண்டத்தில் ஆயிரம் ஆண்டு வாழ்ந்ததாகச் சொல்லப்படும் ஒரு நாகரிகம் மெய்ப்பட்டுவிடாது. கடுகளவு கிடைத்ததைக் காட்டி மலையளவு கிடைக்காததை மறைப்பது நேர்மையான வாதமன்று.

இப்ராஹீம் நபியின் பெயரால் ஒரு நூல்

ஆபிரகாமின் நூல் என்று அவர்கள் வேதத்தில் இடம்பெற்றிருக்கும் பகுதி நம்மை நேரடியாகத் தொடுகிறது. அது அல்லாஹ்வின் தோழர் இப்ராஹீம் (அலை) அவர்களின் பெயரால் எழுதப்பட்டது.

1835ஆம் ஆண்டு எகிப்தியப் பாடம் செய்யப்பட்ட உடல்களையும் பாப்பிரஸ் சுருள்களையும் ஊர் ஊராகக் காட்சிக்கு வைத்து வந்த ஒருவரிடமிருந்து, ஸ்மித்தும் அவரைச் சார்ந்தோரும் 2,400 டாலருக்கு அவற்றை வாங்கினர். அச்சுருள்களில் ஒன்று ஆபிரகாமின் எழுத்து என அறிவித்த ஸ்மித், அதன் மொழிபெயர்ப்பு என்று ஒரு நூலை 1842இல் வெளியிட்டார். எகிப்திய எழுத்தைப் படிக்கும் வழியை பிரான்ஸின் ஷாம்போலியோன் 1822இல்தான் கண்டறிந்திருந்தார். அன்றைய அமெரிக்காவில் ஸ்மித்தின் கூற்றைச் சரிபார்க்கக்கூடியவர் எவருமில்லை. 1880இல் அந்நூல் அதிகாரபூர்வ வேதத்தில் சேர்க்கப்பட்டது. சுருள்கள் அழிந்துவிட்டன என்றே எல்லோரும் எண்ணியிருந்தனர்.

1966ஆம் ஆண்டு, எகிப்தில் பிறந்த காப்டிக் வரலாற்றாசிரியர் அஸீஸ் சூரியால் அத்தியா நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் அச்சுருள்களின் துண்டுகளைக் கண்டார். 1967 நவம்பரில் அவை சபையிடம் ஒப்படைக்கப்பட்டன. இப்போது படிப்பதற்கு ஆள்கள் இருந்தனர். அவர்கள் படித்துச் சொன்னதாவது: இவை இறந்தோருடன் வைத்துப் புதைக்கும் வழக்கமான எகிப்திய ஈமச்சடங்கு ஏடுகள், ஸ்மித் குறிப்பிட்ட துண்டு ஹோர் என்னும் பூசாரிக்காக எழுதப்பட்டது, காலம், இப்ராஹீம் (அலை) அவர்களுக்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்டது. ஆபிரகாமைப் பலியிட முயலும் பூசாரி என ஸ்மித் விளக்கிய படம், பாடையில் கிடத்தப்பட்ட இறந்தவருக்கு அனுபிஸ் என்னும் தெய்வம் பணிவிடை செய்யும் காட்சியே.

2014இல் சபையே வெளியிட்ட கட்டுரை, எஞ்சியுள்ள துண்டுகளின் எழுத்துகளில் ஆபிரகாமின் பெயரோ அந்நூலில் உள்ள நிகழ்ச்சிகளோ இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறது. அதன் பின்னும் நூல் வேதமாகவே தொடர்கிறது.

தம் கைகளால் நூலை எழுதிவிட்டு அது அல்லாஹ்விடமிருந்து வந்தது என்று கூறுவோரைப் பற்றி இறைவன் விடுத்த எச்சரிக்கை (திருக்குர்ஆன் 2:79) எவ்வளவு கடுமையானது என்பதை இவ்விடத்தில் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சான்று வரும்போது அவர்கள் செய்வது

ஒரு நூலில் பிழை இருக்கிறது என்பதைவிட, பிழை காட்டப்பட்டபோது அதன் காவலர்கள் என்ன செய்தார்கள் என்பதே அதிகம் கற்பிக்கக்கூடியது. இங்கு நான்கு வழிகளைக் காண்கிறோம்.

முதல் வழி, சொல்லின் பொருளைச் சுருக்குவது. 1981ஆம் ஆண்டுப் பதிப்பின் முன்னுரை, லாமானியரே அமெரிக்க இந்தியர்களின் முதன்மை மூதாதையர் என்றது. மரபணு ஆய்வுகள் வந்த பின், 2006இல் அது 'மூதாதையருள் அடங்குவர்' என்று மாற்றப்பட்டது. இரு கண்டங்களையும் நிரப்பியதாக நம்பப்பட்ட மக்கள், நடு அமெரிக்காவின் ஒரு சிறு பகுதிக்குள் ஒடுக்கப்பட்டனர். குதிரை என்றால் வேறொரு விலங்காக இருக்கலாம் என்றனர். நியூயார்க்கில் உள்ள குன்று போர் நடந்த குன்றன்று. அது மெக்சிகோவில் இன்னொன்று என்றனர். முன்னுரையில் மாறியது சில சொற்கள்தாம். ஆனால் அந்தப் பழைய போதனையின் பேரில், 'லாமானியப் பிள்ளைகள்' என்று ஆயிரக்கணக்கான பழங்குடிச் சிறுவர்கள் தம் பெற்றோரைப் பிரிந்து வெள்ளையர் குடும்பங்களில் தங்கிப் படிக்க அனுப்பப்பட்டார்களே, அந்தத் தலைமுறைக்கு யார் பதில் சொல்வது? பொய்யான வரலாறு ஏட்டில் மட்டும் தங்குவதில்லை. அது வீடுகளுக்குள் நுழைகிறது.

இரண்டாம் வழி, 'மொழிபெயர்ப்பு' என்னும் சொல்லையே கரைத்துவிடுவது. ஆபிரகாமின் எழுத்து நாம் இழந்துவிட்ட சுருளில் இருந்திருக்கலாம் என்கின்றனர் சிலர். சுருள் வெறும் தூண்டுகோலாக இருந்தது. வஹீ வேறு வழியில் வந்தது என்கின்றனர் வேறு சிலர். முதல் விளக்கத்தை எவராலும் சோதிக்க முடியாது. இரண்டாம் விளக்கத்தில் ஸ்மித் சொன்னதற்குப் பொருளே இல்லாமற் போகிறது.

மூன்றாம் வழி, உள்ளத்தின் உணர்வை நீதிபதியாக்குவது. மனம் ஒன்றிப் பிரார்த்தித்தால் இந்நூல் உண்மையென நெஞ்சில் தோன்றும் என்பது அவர்களின் அழைப்பு. 1921இல் ஓர் இளைஞர் எழுப்பிய வினாக்கள் சபையின் மூத்த தலைவர்களுள் ஒருவரான பி. எச். ராபர்ட்ஸிடம் வந்தன. அவர் ஆய்ந்தார், விடை காண முடியாத இடர்ப்பாடுகளைத் தொகுத்தார், 1922 சனவரியில் தலைமையின் முன் வைத்தார். அங்கிருந்தோர் ஆய்வுக்கு விடை தரவில்லை. நூல் உண்மை என்று ஒவ்வொருவராகத் தம் உள்ளத்துச் சாட்சியத்தைக் கூறினர். அவர் ஏமாற்றத்துடன் திரும்பினார். தம் சபையை அவர் துறக்கவில்லை. 1933இல் இறக்கும்வரை வெளியில் தம் நம்பிக்கையையே பேசினார். ஆனால் அவர் எழுதி வைத்த ஆய்வு 1985வரை அச்சேறவில்லை.

தாமஸ் ஸ்டூவர்ட் ஃபெர்கூசனின் கதையும் இத்தகையதே. மோர்மன் புத்தகத்தின் நகரங்களைக் கண்டறியும் பேரார்வத்தோடு 1952இல் ஒரு தொல்லியல் அமைப்பை நிறுவினார். சபை நிதி தந்தது. மெக்சிகோவில் நடந்த அகழாய்வுகள் தரமானவை. தொல்லியலாளர் இன்றும் மதிப்பவை. அவர் தேடியது மட்டும் கிடைக்கவில்லை. அம்மனிதர் தம் நம்பிக்கையைத் தனிமையில் இழந்தார். உணர்வே சாட்சியென்றால், தொடக்கத்தில் அவர் நெஞ்சில் எரிந்த உறுதியும் உண்மையான சாட்சிதானே! அது ஏன் அவரைக் காக்கவில்லை? எல்லா மதத்தாரின் நெஞ்சிலும் உறுதி எரிகிறது. ஒன்றுக்கொன்று முரணானவற்றுக்கெல்லாம் சாட்சி சொல்லும் ஒருவரை எந்த நீதிமன்றமும் ஏற்காது.

நான்காம் வழி, கேட்பவரை வெளியேற்றுவது. 1993 செப்டம்பரில் வரலாற்றாசிரியர் மைக்கேல் குயின் உள்ளிட்ட ஆறு பேர் மீது சபை நடவடிக்கை எடுத்தது, ஐவர் நீக்கப்பட்டனர். நீதியோடு சொல்வதானால், அண்மைக் காலத்தில் சபை பல ஆவணங்களை வெளியிட்டுள்ளது. ஸ்மித் மொழிபெயர்ப்புக்குப் பயன்படுத்தியதாகச் சொல்லப்படும் கல்லின் படத்தையும் 2015இல் வெளியிட்டது. இதைப் பாராட்ட வேண்டும். ஆனால் ஆவணத்தைத் திறந்துவிட்டு, அது சொல்லும் முடிவுக்கு மட்டும் வாசலை அடைப்பது முழு நேர்மை ஆகாது.

நமக்கும் இதே அளவுகோல்தான்

இதுவரை படித்துத் தலையசைத்தவர்களே, இனிச் சொல்வது நமக்கு. நமக்கே எதிராக இருப்பினும் நீதிக்குச் சாட்சியாக நிற்குமாறு ஏவப்பட்டவர்கள் நாம் (திருக்குர்ஆன் 4:135). மோர்மன்களுக்கு ஒரு தராசு, நமக்கு ஒரு தராசு என்று வைத்துக்கொண்டால் நாம் எழுதியவை அனைத்தும் வீண்.

நம் வேதம் எவரும் காணாத தகடுகளைச் சார்ந்து நிற்கவில்லை. ஸ்மித்தின் தகடுகளைக் கண்டதாகப் பதினொருவர் கையொப்பமிட்டனர் என்பது உண்மை. ஆயினும் அந்தத் தகடுகள் இன்று எவர் கையிலும் இல்லை. திருக்குர்ஆனோ 23 ஆண்டுகள் எதிரிகளின் செவி கேட்கப் பொதுவெளியில் ஓதப்பட்டது, தொழுகையில் ஓதப்பட்டது, நெஞ்சங்களில் மனனமாயிற்று. அபூபக்ர் (ரலி) காலத்தில் தொகுக்கப்பட்டு, உஸ்மான் (ரலி) காலத்தில் படியெடுக்கப்பட்டுப் பல நகரங்களுக்கு அனுப்பப்பட்டது. பர்மிங்ஹாமில் உள்ள பழைய ஏட்டின் தோல், கார்பன் சோதனையில் கி.பி. 568க்கும் 645க்கும் இடைப்பட்டதெனக் கண்டறியப்பட்டது. அதில் இருப்பது நாம் இன்று ஓதும் வசனங்களே.

ஆனால் சன்ஆ நகரில் 1972இல் கிடைத்த ஏடுகளில் ஒன்றில், அழித்து எழுதப்பட்ட அடிப்பகுதியில் சிற்சில சொல் வேறுபாடுகள் இருக்கின்றன என்று ஆய்வாளர் கூறும்போது நாம் என்ன செய்கிறோம்? 'யூதச் சதி' என்று பதறுகிறோம். பதற வேண்டியதில்லை. நபித்தோழர் சிலரின் தனிப்பட்ட ஏடுகளில் இருந்த சொல் வேறுபாடுகளை நம் முன்னோரே மறைக்காமல் பதிவு செய்தனர். இப்னு அபீதாவூதின் 'கிதாபுல் மஸாஹிஃப்' அதற்கெனவே எழுதப்பட்டது. அறிந்தவன் பதறுவதில்லை. அறியாத தந்தையின் பதற்றமே மகனின் ஐயமாக வளர்கிறது.

இனி நம் கைப்பேசிகளைப் பார்ப்போம். நிலவில் ஆம்ஸ்ட்ராங் பாங்கோசை கேட்டு இஸ்லாத்தை ஏற்றார் என்னும் செய்தி அவர் தரப்பிலிருந்தே மறுக்கப்பட்ட ஒன்று. ஆது சமுதாயத்தாரின் எலும்புக்கூடு என்று சுற்றிவரும் இராட்சத உருவம், நியூயார்க்கில் ஒரு பழங்கால விலங்கைத் தோண்டியெடுத்த படத்தில் 2002இல் கணினியால் ஒட்டவைக்கப்பட்டது. இவற்றை 'சுப்ஹானல்லாஹ்' என்று கூறிப் பரப்பும் விரல், பொய்க்கு அல்லாஹ்வின் பெயரைச் சாட்சியாக்குகிறது. செய்தி வந்தால் தீர விசாரியுங்கள் என்னும் கட்டளை (திருக்குர்ஆன் 49:6) பிறருக்கு மட்டும் இறங்கியதா?

நம் முன்னோர் இவ்வாறு இருக்கவில்லை. நபி (ஸல்) அவர்களைப் புகழ்ந்தே சொல்லப்பட்டிருந்தாலும், அறிவிப்பாளர் வரிசை பழுதென்றால் அந்த ஹதீஸைத் தள்ளினார்கள். இமாம் இப்னுல் ஜவ்ஸீ இட்டுக்கட்டப்பட்ட செய்திகளைத் தொகுத்துத் தனி நூலே எழுதினார். வணக்கசாலி என்று பெயர் பெற்றவரின் அறிவிப்பையும், நினைவாற்றல் குறைவென்றால் மறுத்தார்கள். சான்றைச் சோதிப்பது அவர்களிடம் ஈமானுக்கு எதிரானதாக இருக்கவில்லை. ஈமானின் காவலாக இருந்தது.

தகடுகளும் கிரகணமும்

இரு நிகழ்ச்சிகளை அருகருகே வைத்து முடிக்கிறேன்.

1843ஆம் ஆண்டு இல்லினாய் மாநிலத்தின் கிண்டர்ஹுக் என்னும் ஊரில் ஒரு மேட்டைத் தோண்டி, எழுத்துகள் பொறித்த ஆறு பித்தளைத் தகடுகளைச் சிலர் 'கண்டெடுத்தனர்'. அவை ஸ்மித்திடம் கொண்டுவரப்பட்டன. அவர் அவற்றில் ஒரு பகுதியை மொழிபெயர்த்து, நூஹ் (அலை) அவர்களின் மகன் ஹாமின் வழித்தோன்றல் ஒருவரின் வரலாறு அதில் இருப்பதாகக் கூறினார் என்று அவருடைய எழுத்தரே நாட்குறிப்பில் எழுதி வைத்தார். எஞ்சிய ஒரு தகட்டை 1980இல் சோதித்தபோது, அது 19ஆம் நூற்றாண்டில் செய்யப்பட்ட போலி என்பது உறுதியாயிற்று. விளையாட்டாகச் செய்த போலியைக் காட்டியபோது, போலி என்று சொல்லும் வாய்ப்பு அவருக்கு இருந்தது. அவர் சொல்லவில்லை.

ஹிஜ்ரி 10ஆம் ஆண்டு மதீனாவில் நபி (ஸல்) அவர்களின் பச்சிளம் மகன் இப்ராஹீம் இறந்த நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. இறைத்தூதரின் மகன் இறந்ததாலேயே சூரியன் இருண்டது என்று மக்கள் பேசிக்கொண்டனர். எவரும் தேடாமலே வானம் கொண்டுவந்து தந்த 'சான்று' அது. வாய் திறக்காமல் இருந்திருந்தால் போதும். தலைமுறை தலைமுறையாக அற்புதமென்று பேசப்பட்டிருக்கும். மகனை இழந்த தந்தையாக நின்ற அந்த மாநபி, சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள் என்றும், எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் அவை ஒளி மங்குவதில்லை என்றும் அறிவித்தார்கள்.

இறைத்தூதை மெய்ப்பிக்கும் சான்றுகள் பல. ஆயினும் பிள்ளைகள் கேட்கும் அந்தக் கேள்விக்கு முதல் விடையாக இதைச் சொல்லுங்கள்: தமக்குச் சாதகமாக வந்த பொய்யை, துயரத்தின் நடுவிலும் மறுத்தவர் நம் நபி. பின்பு உங்கள் கைப்பேசியை எடுத்து, சரிபார்க்காமல் நேற்றுப் பரப்பிய செய்தியை அவர்கள் முன்னிலையிலேயே அழித்துவிடுங்கள். சொன்ன விடைக்கு அது சான்றாக நிற்கும்.

வல்ல ரஹ்மான் உண்மையை உண்மையாகக் கண்டு பின்பற்றவும், பொய்யைப் பொய்யாகக் கண்டு விலகவும் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக. ஆமீன்.